ஐரின் என்றால் அமைதி

மஞ்சக்குப்பம், கடலூர்
10.10.2004

மரியே வாழ்க

அன்புள்ள தம்பி பிரகாசுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் துண்டு எங்கள் வீட்டுக் கொடியிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது. வரும்போதெல்லாம் எதையாவது விட்டுவிட்டுப் போவது உன் பழக்கம். போனில் பேசலாம் என்றால் ஆபீஸ் போனை எடுத்தாலே வக்கீல் சுப்பராயலு சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். டைப்பிஸ்ட் பேசினால் மட்டும் அவருக்கு பில் ஏறுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மருமகள் மூன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து வாய் ஜாஸ்தியாகிவிட்டது. குழந்தைகள் தினத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் மேடையில் ஏறித் தங்கள் பேருக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டுமாம். பக்கத்து பெஞ்சு சேரன், அது ராஜா பேரு என்று சொல்லிக் காலரைத் தூக்கிக் காட்டினானாம். இவள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும்? உன் மாமாவைக் கேட்டால், அவர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த தூக்கத்தில் அது கோயிலில் கும்பிடுகிற ஒரு அர்ச்சிஷ்டவள் பேர் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சகாய பிரியா என்று வைக்கலாம் என்றேன். நீதான் பி.ஏ. முதல் வருஷத் திமிரில் ஏதோ புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்து, ஐரின் என்றுதான் வைக்க வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தாய். வைத்தவன் நீ, அர்த்தத்தையும் நீயே சொல். பெரிசாக எழுதாதே. அவள் மனப்பாடம் பண்ண வேண்டும்.

அந்தச் சிதம்பரத்துப் பெண் விஷயம் எந்த மட்டில் இருக்கிறது? சிந்துஜா என்றுதானே சொன்னாய். நம் கோயிலில் கல்யாணம் நடக்குமா, நடக்காதா? கிறிஸ்துமசுக்கு வரும்போது நேரில் சொல். கேக்குக்கு இப்போதே முந்திரி வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புள்ள அக்கா,
பாத்திமா மேரி


சிதம்பரம்
17.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

துண்டை நான் மறந்து வைக்கவில்லை. திரும்பி வர ஒரு காரணம் வேண்டாமா, அதற்காக வைத்துவிட்டு வந்தேன்.

எம்.ஃபில். படிக்கிறவனிடம் அர்த்தம் கேட்டால் சுருக்கமாக வராது. பொறுத்துக்கொள்.

ஐரின் கிரேக்கப் பேர். அமைதி என்று அர்த்தம். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் அமைதிக்கு ஒரு பெண் தெய்வத்தை வைத்திருந்தார்கள், அவள் பேர்தான் இது. அவர்களுடைய தேவராஜாவின் மகள். அவளோடு கூடப் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி நீதி, ஒருத்தி ஒழுங்கு. மூன்று பேரும் வானத்தின் வாசலைக் காவல் காத்தார்கள். ஒரு நீண்ட சண்டை முடிந்த பிறகு ஏதென்ஸ் ஊர்க்காரர்கள் இவளுக்குச் சிலை வைத்தார்கள். இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தக் குழந்தையின் பேர் செல்வம். சண்டை இல்லாத இடத்தில்தான் செல்வம் வளரும் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். இவளுக்குப் படைக்கும்போது ரத்தம் சிந்தக் கூடாது என்பார்கள்.

மாமா சொன்னதும் தப்பில்லை. நம் வேதம் வந்த பிறகு இதே பேரில் ஒரு பெண், வேதப் புத்தகங்களை ஒளித்து வைத்ததற்காக நெருப்பில் செத்து அர்ச்சிஷ்டவள் ஆனாள். சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள், ஆண்டவர் சமாதானம் சொல்லும் இடத்தில் எல்லாம் இந்தச் சொல்லைத்தான் எழுதினார்கள். ஆக உன் மகளின் பேரைச் சாமியார் பூசைக்குப் பூசை சொல்கிறார், நீதான் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் சண்டையை மூட்டாமல் பேசுவதற்கு இந்தப் பேரிலிருந்து ஒரு சொல்லே செய்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற ஒரு குட்டிக் கிரகத்துக்கும் இதுதான் பேர். சேரனிடம் சொல்லச் சொல், ராஜாவுக்கு ஊர்தான் சொந்தம், எனக்கு வானத்திலேயே ஒரு இடம் இருக்கிறது என்று.

மேடையில் இவ்வளவும் வேண்டாம். என் பேருக்கு அமைதி என்று அர்த்தம், ஆனால் எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கச் சொல். கைதட்டல் நிச்சயம்.

சிந்துஜா வீட்டில் அவள் அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேரில் சொல்கிறேன்.

தம்பி,
லூர்து பிரகாஷ்


கடலூர்
6.3.2005

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் நாலு இடத்தில் பிள்ளை பேரை எழுதியிருக்கிறாய். இனிமேல் எழுதாதே. உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன், யாரும் என் காதில் படும்படி அந்தப் பேரைச் சொல்லக் கூடாது.

கல்லறையில் கல் வைத்தாயிற்று. வெள்ளை மார்பிள். மேலே பேர், கீழே பிறந்த நாள், செத்த நாள். உன் மாமாதான் எல்லாம் பார்த்தார். பாட்டம் பாட்டமாகச் சனம் வந்து போகிறது. எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். இன்னொன்று பெத்துக்கோ என்று மங்கலம்பேட்டைப் பெரியம்மா சொன்னாள். என் பிள்ளையைப் பெற்ற கையோடு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

நீ என்னைத் தேற்றி எழுதியிருக்கிறாய். அன்று காலையில் நடந்தது யார் கையிலும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியா? உன் மாமா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தார். பிள்ளை புதுப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு அமராவதி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பினாள், இவளையும் கூப்பிட்டாள். நீ இருந்திருந்தால் அவள் உன் முதுகை விட்டு இறங்கியிருக்க மாட்டாள். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் இருப்பேன் என்றுதான் வந்தாய். சிந்துஜா போன் பண்ணினாள் என்று அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் அலை வந்தது. நான் கணக்குப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அமைதி என்று அர்த்தம் சொன்னாயே. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு நாங்கள் வர முடியாது. நல்லபடியாகப் பண்ணிக்கொள்.

பாத்திமா


சிதம்பரம்
15.8.2006

அக்கா,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

சிந்துஜா இன்னும் அழுகையை நிறுத்தவில்லை. அவள் சாமி வேறு, நம் சாமி வேறு. இருந்தும் எங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்தாள். தன் அம்மாவைச் சமாதானப்படுத்திக் கோயிலுக்குள் கூட்டிவந்து நிறுத்தினாள். ஞானத்தாயாக உன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னதும் அவள்தான், நான் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு சுவேதா என்று பேர் இருக்க வேண்டும். உன்னிடம் மூன்று தடவை சொன்னேன். நீயும் சரி என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பேர் என்று பிள்ளையை ஏந்தியிருக்கும் உன்னைக் கேட்டார். நீ நிமிர்ந்து பார்த்து, ஐரின் என்று சொன்னாய். நாக்கு குழறவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூன்று தடவை ஊற்றி முடித்துவிட்டார். ஊற்றினால் ஊற்றியதுதான், அழித்து எழுத முடியாது என்று பிறகு சொல்கிறார். என் மாமியார் விருத்தாம்பாள் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "செத்த புள்ள பேர வச்சா அது வந்து இதையும் கூட்டிக்கினு போயிடும். ஒங்க அக்காவுக்கு அதுதான் வேணுமா?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அந்தப் பேரை எழுதாதே என்று எனக்கு உத்தரவு போட்டவள் நீ. ஒன்றரை வருஷம் நான் அதைத் தொடவில்லை. என் மகளின் தலையில் ஊற்றத்தான் அதைப் பூட்டி வைத்திருந்தாயா?

வேண்டுமென்றே செய்தாய் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பேரில் தெய்வமும் அர்ச்சிஷ்டவளும் மட்டும் இல்லை அக்கா. அன்றைக்கு உனக்குச் சொல்லாமல் விட்ட ஒருத்தி இருக்கிறாள். கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட மகாராணி. பெரிய பக்தை. பதவிக்காகப் பெற்ற மகனின் கண்ணைக் குருடாக்கினாள். அமைதி என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் அமைதியைக் கொண்டுவந்துவிடுவதில்லை.

நாங்கள் அவளை சுவேதா என்றுதான் கூப்பிடப்போகிறோம். நீயும் அப்படிக் கூப்பிடுவதாக இருந்தால் வா.

பிரகாஷ்


கடலூர்
22.8.2006

தம்பிக்கு,

மகாராணி கதைக்கு நன்றி. கேஸ் கட்டு டைப் பண்ணுகிற எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்கிறாய். பஸ்ஸில் வரும்போது புவனகிரி தாண்டும் வரைக்கும் சுவேதா, சுவேதா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, யாரும்மா அது, பொண்ணா என்றுகூடக் கேட்டாள். பிள்ளையை என் கையில் கொடுத்தீர்கள். அது என் தோளில் தலையைப் போட்டுக் கொட்டாவி விட்டது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். என்ன பேர் என்று சாமியார் கேட்டார். வாயில் வந்தது அதுதான். உனக்கு அது போதாது என்றால், வேண்டுமென்றே சொன்னேன் என்றே வைத்துக்கொள். உன் மனைவிக்கும் அது வசதியாக இருக்கும்.

நான் ஒன்று கேட்கிறேன். பேர் செத்துப்போகுமா? பேர் வைத்தவன் நீ. உன் வாயில் பிறந்த பேர். அதை உன் மகளுக்கே கொடுத்தால் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று உன் மாமியார் சொல்கிறார், எம்.ஃபில். படித்தவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாயா? உன் வீட்டில் அவள் சாவு தீட்டு. என் வீட்டில் அவள் பிள்ளை.

ஒன்றரை வருஷமாக அந்தப் பேரை யாரும் என் காது கேட்கச் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை. சாமியார் கூட்டத்துக்கு முன்னால் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நீ கூப்பிட்டால் வருவேன். சுவேதா என்று கூப்பிட மாட்டேன்.

பாத்திமா


சிதம்பரம்
14.10.2007

அக்காவுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேலாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மாமா மட்டும் மாதம் ஒரு தடவை வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார். அவரைப் பார்த்துத்தான் சிந்துஜாவின் மனம் மாறியிருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் பேர் எழுதும் இடம் இன்னும் காலியாகவே இருந்தது. நகராட்சியில் எழுதிக் கொடுக்கப் போகும்போது அவளே சொன்னாள்: "ஒங்க அக்கா நம்ம பொண்ணயா கேட்டாங்க? பேரத்தான குடுத்தாங்க. இருந்துட்டுப் போவுது. அவங்க வயிறு எரிய வேணாம்." ஐரின் சுவேதா என்று பதிவு செய்துவிட்டோம். வீட்டில் சுவேதா. பள்ளிக்கூடத்திலும் வெளியிலும் ஐரின். சிந்துஜாவின் அம்மா இந்த விஷயத்தில் எங்களோடு பேசுவதில்லை.

இதற்காக நீ சிந்துஜாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்வதைக் கேள். இவள் அவள் இல்லை. பழைய கவுனைப் போட்டு அழகு பார்க்காதே. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்கு அதேதான் என்று வருகிறவர்களிடம் காட்டாதே. பேரைக் கொடுத்திருக்கிறோம். பிள்ளையைக் கொடுக்கவில்லை.

கிறிஸ்துமசுக்கு அழைத்து வருகிறேன்.

பிரகாஷ்


கடலூர்
4.7.2010

தம்பிக்கு,

உன் மனைவியிடம் சொல்ல முடியாததை உன்னிடம் எழுதுகிறேன்.

போன வாரம் கோர்ட் வேலையாகச் சிதம்பரம் வந்தவள் எல்.கே.ஜி. விடும் நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். ஐரின் என்று கூப்பிட்டேன். அத்தனை பிள்ளைகளில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், ஓடி வந்தாள். அதற்காகவே இந்தப் பிறவி எடுத்ததுபோல இருந்தது. அப்போது சிந்துஜா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சுவேதா, வா என்றாள். பிள்ளை என் கையை விட்டுவிட்டு அந்தப் பேருக்கும் அதே மாதிரி ஓடினாள். சிந்துஜா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஆனால் கூப்பிடும்போதே ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

பிறந்தநாளுக்கு நான் கொடுத்த நீலக் கவுனைப் போட்டீர்களா என்று கேட்டேன். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் மகளின் பழைய கவுனை வெட்டித் தைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணியில் என்ன இருக்கிறது? நல்ல துணி. ஒரு தடவைதான் போட்டது.

நீ சொன்ன மாதிரி இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைக்கவில்லை. ஒன்று முன்னறையில், ஒன்று படுக்கையறையில். போதுமா?

உன் மாமா இவளிடம் மட்டும்தான் வாயைத் திறந்து பேசுகிறார். போன தடவை பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டு என்று கேட்டு அவரும் சேர்ந்து பாடினார். அதைப் பார்க்க விடாமல் இருப்பதற்கு உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ. பள்ளிக்கூட விடுமுறைக்காவது அனுப்பி வை.

பாத்திமா


சிதம்பரம்
7.11.2011

அக்கா,

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் லீவு இல்லை. நம்பித்தான் உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். கல்லறைத் திருநாள் அன்று நீ கல்லறைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை மாமாவிடம் விட்டுவிட்டுப் போவாய் என்று நினைத்தேன்.

யு.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்கு முதலில் படிக்கத் தெரிந்த சொல் தன் பேர்தான். அதைக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாய். எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஆமாம், உன் பேருதான் என்று சொன்னாயாம். நல்ல பதில்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என்னைக் கேட்டாள்: "அப்பா, நான் எப்ப செத்தேன்?"

அன்றிலிருந்து காய்ச்சல். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அலறுகிறாள். கடலில் செத்த கதையையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீயாகத்தான் இருக்க வேண்டும். தூங்கினால் எழுந்திருக்க மாட்டேனா என்று அவள் அம்மாவைக் கேட்கிறாள். என் மாமியார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதே போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு புயல் அடித்ததே, அதற்கும் இந்தப் பேரைத்தான் வைத்தார்கள். ஊர் ஊராகத் தண்ணீரில் போனது. காலேஜில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன், அமைதித் தெய்வம் வீட்டுக் கூரையைப் பிய்க்கிறது என்று. இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏழு வருஷமாக நீ என் மேல் ஒரு பழியை வைத்திருக்கிறாய். நான் அன்று பஸ் ஏறிவிட்டேன் என்று. ஒரு நாளும் நான் திருப்பிச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். மாமா தூங்க வேண்டும், சத்தம் போடாமல் போ என்று பிள்ளையைப் பீச்சுக்கு அனுப்பியது யார்? ஒரு ஐரினைக் கடலுக்கு அனுப்பினாய். இன்னொருத்தியைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

இனி அவள் அங்கே வர மாட்டாள். நீயும் இங்கே வராதே.

பிரகாஷ்


சிதம்பரம்
19.2.2012

அக்காவுக்கு,

டிசம்பர் கடைசியில் உங்கள் ஊரில் புயல் அடித்த மறுநாளிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்து, நாலாம் நாள்தான் மாமா கிடைத்தார். சமையல்கட்டு ஷீட் பறந்துவிட்டது, மற்றபடி ஒன்றும் இல்லை என்றார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ வாங்கவில்லை. நான் எழுதிய கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் போடாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எழுதியதை நான் திரும்ப வாங்கப்போவதும் இல்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் வருகைப் பதிவில் ஐரின் என்று கூப்பிட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, "ஐரின் செத்துட்டா மிஸ். நான் சுவேதா" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பேரை மாற்ற நவம்பரிலேயே மனு போட்டிருந்தேன். போன புதன்கிழமை அரசிதழில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் மாற்றிவிட்டார்கள். இனி அவள் எல்லா இடத்திலும் வெறும் சுவேதா. கோயிலில் ஊற்றியதை மாற்ற முடியாது என்றார்கள். அதை யார் கூப்பிடப்போகிறார்கள்?

மாற்றிவிட்டு வந்த அன்றைக்கு அவள் வாளித் தண்ணீரைத் தானே மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். சிந்துஜா கதவுக்கு வெளியே நின்று அழுதாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் சாப்பிடாமல் அடம் பிடித்து வைத்த பேர். அதை ஒழிக்க நானே கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பேரை உனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் அக்கா. உன் மகளின் கல்லில் அது பத்திரமாக இருக்கட்டும். அது ஒன்றுதான் இனி அதற்கு இடம். யாரும் அதில் பங்கு கேட்க மாட்டார்கள்.

பிரகாஷ்


கடலூர்
19.2.2012

தம்பிக்கு,

உன் நவம்பர் கடிதத்துக்குப் பிறகு மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. உன் மாமா படித்துவிட்டு, அவன் பிள்ளைக்காகப் பேசுகிறான், விடு என்றார். ஏழு வருஷமாக அவர்கூட என்னிடம் கேட்காததை நீ எழுதினாய். அதை நான் மன்னிக்கப்போவதில்லை. இப்போது எழுதுவது உன்னோடு சமாதானம் ஆவதற்காக இல்லை. பிள்ளைக்காக.

புயலில் கல்லறைத் தோட்டத்தில் மரங்கள் எல்லாம் சாய்ந்து, சிலுவைகள் உடைந்து, இப்போதுதான் ஒவ்வொருவராகச் சரி பண்ணுகிறார்கள். நம் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை வெளேர் என்று அப்படியே நின்றது. பக்கத்துக் கல்லைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் சாமிக்கண்ணுவிடம் கேட்டேன், இந்தப் பேரை எடுக்க முடியுமா என்று. அவருக்கு முதலில் புரியவில்லை. "பேரு எழுதத்தாம்மா கூப்புடுவாங்க. எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல" என்றார். கோயிலில் சாமியாரிடம் சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். உன் மாமாவும் கூட நின்றார்.

நேற்று மெஷின் கொண்டுவந்து தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாகப் போனது. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் ஆழமாக இருந்ததால் ரொம்ப நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. உன் மாமா பாதியிலேயே போய் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் கடைசி வரைக்கும் நின்றேன். இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை நானே ஆள் வைத்துச் செய்தேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதட்டும் என்று சாமிக்கண்ணு கேட்டார். ஒன்றும் வேண்டாம், வழவழவென்று விடுங்கள் என்றேன். தேதிகள் மட்டும் இருக்கின்றன.

பிள்ளையிடம் சொல். அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் அவள் பேர் எழுதிய கல் எதுவும் இல்லை, அன்றைக்குத் தப்பாகப் படித்துவிட்டாள் என்று சொல். பிறகு என்றைக்காவது கூட்டி வந்து காட்டு, வெறும் கல்லைத்தான் பார்ப்பாள். உங்கள் வீட்டில் எப்படியும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் இனி அதற்குச் சண்டை போட மாட்டேன். என் வீட்டிலும் நானோ மாமாவோ என் மகளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடப்போவதில்லை என்று பேசி முடித்துவிட்டோம். மகள் என்றே சொல்லிக்கொள்வோம்.

பள்ளிக்கூடத்தில் ஐரின் என்று கூப்பிட்டால் அவளைப் பயப்படாமல் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல். அந்தப் பேரில் இனிமேல் அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

பாத்திமா